ஃப்ரீடாஸ் கர்னல் எங்கே நின்றது? அறிகுறியைப் பிடித்துப் பிழைக்குப் போகும் வழி

டாஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் ஒரு வரியை மாற்றிக் கட்டி ஓட்டினால் மூன்றில் ஒன்று நடக்கும். ஓடும். நின்றுவிடும். அல்லது நன்றாக ஓடுவதுபோல் காட்டிவிட்டு, சம்பந்தமே இல்லாத இடத்தில் போய் விழும். மூன்றாவதுதான் நம் உயிரை வாங்குவது. டாஸ் ஓடும் ரியல் மோடில், அதாவது செயலியின் பழைய 16 பிட் நிலையில், நினைவகத்துக்குக் காவல் கிடையாது. எந்த நிரலும் எந்த பைட்டிலும் எழுதலாம், கேட்க ஆளில்லை. அதனால் பிழை நடந்த இடமும் அது கண்ணில் படும் இடமும் அநேகமாக ஒன்றாக இருக்காது. கெட்டது எது என்று தேடிப் பயனில்லை. கடைசியாக எது சரியாக நடந்தது என்று தேட வேண்டும். இந்த வழிமுறையும் அந்த வரிசையில்தான் போகிறது: கட்டுவது, கர்னலை வட்டிலிருந்து ஏற்றும் பூட் செக்டார், கர்னல் துவக்கம், கட்டளைகளை வாங்கும் ஷெல், அதன் பிறகு நிரல்கள்.

பேசப்போவது ஃப்ரீடாஸ் கர்னலைப் பற்றி. எம்எஸ்-டாஸின் காலம் முடியப்போகிறது என்று தெரிந்ததும், 1994 ஜூன் 29 அன்று ஜிம் ஹால் அறிவித்த திட்டம் அது. பேட் வில்லானி ஏற்கெனவே எழுதி வைத்திருந்த டாஸ்-சி அதற்குக் கர்னலாக வந்து சேர்ந்தது. பதிப்பு 1.0 வெளிவர 2006 ஆயிற்று, 1.4 வந்தது 2025 ஏப்ரலில். கர்னலின் பெரும்பகுதி சி மொழியில், மீதி நாஸ்ம் அசெம்பிளியில் இருக்கிறது. இது வெறும் வரலாறு அல்ல. சி கம்பைலர் ஸ்டாக்கைப் (ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவிடம்) பற்றியும் செக்மெண்டைப் (நினைவகத்தின் 64 கேபி வரையான துண்டு) பற்றியும் தானாகச் சில அனுமானங்கள் செய்துகொள்ளும். கீழே வரும் பிழைகளில் பாதி அங்கிருந்து பிறந்தவை.

16 அடிமான எண்களின் கடைசியில் எச் போட்டிருக்கிறேன். எழுத்து இலக்கங்கள் ஏ, பி, சி, டி, இ, எஃப்.

தேடத் தொடங்குமுன்

கான்ஃபிக்.பி கோப்பை கான்ஃபிக்.பேட் என்று நகலெடுத்து, கம்பைலர், செயலி, ஃபேட் (வட்டில் கோப்புகள் எங்கே உள்ளன என்ற அட்டவணை) வகை மூன்றையும் அதில் குறித்தால் கட்டுமானம் தயார். வெளிவரும் கோப்பின் பெயரிலேயே எல்லாம் இருக்கும்: கேடபிள்யூசி8632.சிஸ் என்றால் வாட்காம், 8086, ஃபேட்32. கேடபிள்யூசி38632.சிஸ் என்றால் செயலி 386. பிழை தேடும் நாட்களில், கோப்பைச் சிறிதாக்கும் யூபிஎக்ஸ் சுருக்கத்தை எடுத்துவிடுங்கள். சுருக்கிய கர்னல் தன்னைத்தானே விரித்துக்கொண்ட பிறகுதான் உங்கள் நிரல்வரிகள் நினைவகத்துக்கு வரும். அதுவரை மேப் கோப்பில் (எந்த ஃபங்ஷன் எங்கே என்று லிங்கர் தரும் பட்டியல்) உள்ள முகவரி எதுவும் பொருந்தாது. ஆனால் சுருக்காத கர்னலில் தடங்காட்டும் அச்சுகளையும் சேர்த்துக்கொண்டே போனால் இன்னொரு சுவரில் முட்டுவீர்கள். ஃபேட்12, ஃபேட்16 பூட் செக்டார் கர்னலை 600எச் முகவரியிலிருந்து ஏற்றுகிறது. கோப்பு வட்டின் எந்தெந்தத் துண்டுகளில் இருக்கிறது என்ற கிளஸ்டர் பட்டியலை 1எஃப்இ0:2000 (செக்மெண்ட்:ஆஃப்செட்) என்ற இடத்தில் வைத்திருக்கிறது. இரண்டுக்கும் இடைவெளி சரியாக 134 கேபி. கோப்பு அதைத் தாண்டினால், ஏற்றுகிற வேலையே தன் பட்டியலைத் தானே அழித்துக்கொள்ளும்.

அடுத்து, கர்னலுக்கு ஒரு வாய் வேண்டும். திரையில் அச்சிடுவது இன்ட் 29எச் என்ற மென்பொருள் இன்டரப்ட் வழியாகப் போகிறது, அதுவே கெட்டிருந்தால் ஊமைதான். க்யூஎமு, போக்ஸ் என்ற கணினிப் போலிகள் இரண்டிலும் இ9எச் போர்ட்டில் ஓர் எழுத்தை எழுதினால், உரிய தெரிவைப் போட்டிருந்தால், அது வெளியே உங்கள் டெர்மினலில் விழும். க்யூஎமுவில் அந்தத் தெரிவின் பெயர் டீபக்கான். போக்ஸில் போர்ட் இ9 ஹேக். எழுத்தை ஏஎல்லில் வைத்து அவுட் செய்ய 4 பைட், ஏஎக்ஸை முன்னும் பின்னும் காப்பாற்ற இன்னும் 2. 512 பைட் பூட் செக்டாருக்குள்ளும் இதற்கு இடம் கிடைத்துவிடும். நிஜக் கணினிகளில் அந்தப் போர்ட் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது என்பதால் மறந்து விட்டுவிட்டாலும் பெரிய ஆபத்தில்லை.

க்யூஎமுவைச் சிறிய எஸ், பெரிய எஸ் தெரிவுகளுடன் தொடங்கினால் முதல் கட்டளையிலேயே நின்று பிழைதேடும் கருவியான ஜிடிபிக்காகக் காத்திருக்கும். ஜிடிபிக்குச் செக்மெண்ட் தெரியாது. செக்மெண்டை 16ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டி நீங்களே தர வேண்டும். எப்போதும் இரண்டு பிரேக்பாயிண்ட் (நிரல் நிற்கும் இடம்) போதும், பயாஸ் பூட் செக்டாரை வைக்கும் 7சி00எச் ஒன்று, 600எச் ஒன்று. முதலாவது தொட்டால் பயாஸ் தன் வேலையை முடித்துவிட்டது. இரண்டாவது தொட்டால் பூட் செக்டாரும் முடித்துவிட்டது. இந்தச் சமயத்தில் கேவிஎம் (நிஜச் செயலியிலேயே நேராக ஓட்டும் வேகவழி) வேண்டாம். கேவிஎம்மில் சாதாரண பிரேக்பாயிண்ட் என்பது நினைவகத்தில் எழுதப்படும் ஒரு பைட். கர்னல் வந்து அதன்மேல் இறங்கியதும் அழிந்துபோகும்.

போக்ஸில் இன்னும் சுலபம். மாயப் பிரேக்பாயிண்டை இயக்கிவிட்டு, சந்தேகமான இடத்தில் பிஎக்ஸைப் பிஎக்ஸுடனேயே இடம் மாற்றும் கட்டளையை எழுதினால் அங்கே நின்றுவிடும். டாஸ்பாக்ஸைப் பற்றி ஒரு எச்சரிக்கை: அதற்குள் சொந்தமாக ஒரு டாஸ் இருக்கிறது. வட்டுப் படிமத்தை அதில் பூட் செய்யாதவரை உங்கள் கர்னலை நீங்கள் சோதிக்கவே இல்லை.

லிங்கரே மறுக்கிறது

எஸ்டிகே என்று முடியும் பெயர் கிடைக்கவில்லை என்றால், வாட்காம் ஒவ்வொரு ஃபங்ஷனின் தலையிலும் ஸ்டாக் சோதனையைச் சேர்த்திருக்கிறது. சிறிய எஸ் தெரிவைக் கம்பைலருக்குக் கொடுத்து நிறுத்துங்கள். யூ4டி, ஐ4டி போன்ற பெயர்கள் என்றால் எங்கோ 32 பிட் எண்ணை வகுத்திருக்கிறீர்கள்; அதற்கான துணை நிரல் கம்பைலரின் லைப்ரரியில் இருக்கிறது, கர்னலோடு இணையவில்லை. பல சமயம் அந்த வகுத்தலே தேவையற்றதாக இருக்கும், செக்டார் அளவு 512தானே, பிட்டை நகர்த்தினால் போதும்.

பயாஸ் முடிந்தது, கர்சர் மட்டும் சிமிட்டுகிறது

முதல் செக்டாரின் 510, 511ஆம் பைட்டுகள் 55எச், ஏஏஎச் ஆக இருக்கின்றனவா? வன்வட்டு என்றால் 1பிஇஎச்சில் தொடங்கும் பார்ட்டிஷன் பட்டியலில் ஒன்றுக்கு 80எச் என்ற செயல்குறி இருக்கிறதா? இரண்டும் சரி, 7சி00எச் பிரேக்பாயிண்டும் தொட்டது என்றால் டிஎல் ரெஜிஸ்டரைப் பாருங்கள். பூட் ஆகும் டிரைவின் எண் அதில் வர வேண்டும்: ஃபிளாப்பி 0, முதல் வன்வட்டு 80எச். சில பழைய பயாஸும் சில எம்பிஆர் (வன்வட்டின் முதல் செக்டார்) நிரல்களும் அதில் குப்பையை விட்டுச்செல்லும். பூட் செக்டாரின் தலையில் வட்டின் அளவுகளைச் சொல்லும் பிபிபியிலும் டிரைவ் எண்ணுக்கு ஓர் இடம் உண்டு, ஃபேட்16இல் 24எச், ஃபேட்32இல் 40எச். பூட் செக்டார் இந்த இரண்டில் எதை நம்புகிறது என்பதை டிஸஅசெம்பிள் செய்தே பாருங்கள். சிஸ் கருவி நிறுவும்போது அந்த இடத்தைத் திருத்தி எழுதக்கூடியது, ஆகவே மூலநிரலைப் படித்து முடிவுகட்ட வேண்டாம்.

பூட் செக்டார் பேசியது, உடனே பிழை என்றது

இது பெரும்பாலும் கர்னல் பிழையே அல்ல, வட்டுப் படிமத்தின் பிழை. நடப்பது இப்படி: லினக்ஸில் தனிக் கோப்பாக ஒரு ஃபேட் படிமத்தை உருவாக்கி, அதைப் பெரிய படிமத்தின் 63ஆவது அல்லது 2048ஆவது செக்டாரில் கொண்டுபோய் ஒட்டுகிறோம். பிபிபியின் 1சிஎச்சில் இருக்கும் மறைந்த செக்டார்களின் எண்ணிக்கை 0 ஆகவே இருக்கிறது. பூட் செக்டார் அதை நம்பி வட்டின் தலையிலிருந்து எண்ணத் தொடங்கி, எம்பிஆரைத் தாண்டிய வெற்றிடத்தை ரூட் டைரக்டரி என்று நினைத்துப் படிக்கும். பார்ட்டிஷன் பதிவின் 8ஆவது பைட்டில் தொடங்கும் எண்ணும் 1சிஎச்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எம்கேஎஃப்எஸ்.ஃபேட் கருவியில் இதற்குச் சிறிய எச் தெரிவு இருக்கிறது.

அது சரி என்றால் 18எச், 1ஏஎச். ஒரு தடத்துக்கு எத்தனை செக்டார், எத்தனை ஹெட் என்ற கணக்கு. செக்டாரை ஒரே வரிசை எண்ணால் குறிக்கும் எல்பிஏ கிடைக்காத பயாஸில் இந்தக் கணக்குத்தான் எல்லாம். இங்கே தவறு இருந்தால் பயாஸ் பிழை சொல்லாது, பிழையைக் காட்டும் கேரி கொடியும் எழாது. கேட்ட இடத்தை ஒழுங்காகப் படித்துத் தரும். கேட்டதுதான் தவறான இடம். அப்போது பூட் செக்டார் புகார் இல்லாமல் குப்பையை 600எச்சில் ஏற்றி அதற்குள் குதிக்கும், நீங்கள் கர்னலைச் சந்தேகிப்பீர்கள். 600எச் பிரேக்பாயிண்டில் நின்றதும் அங்கிருக்கும் பைட்டுகளைக் கர்னல்.சிஸ் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் செலவிடுங்கள். தலையை மட்டும் பார்த்தால் போதாது, கடைசி கிளஸ்டர் வரை பார்க்க வேண்டும்.

ஃபேட்12 ஃபிளாப்பியில் மட்டும் வரும் ஒரு வகையும் உண்டு. அங்கே ஒரு பதிவுக்கு ஒன்றரை பைட். 341ஆவது பதிவு 511ஆவது பைட்டில் தொடங்கி அடுத்த செக்டாரின் முதல் பைட்டில் முடிகிறது. ஒரு நேரத்தில் ஒரே செக்டாரைப் படித்துக்கொண்டு போகும் நிரல் இந்த விளிம்பைக் கவனிக்காவிட்டால், சின்ன வட்டில் எல்லாம் சரியாக இருக்கும், வட்டு நிரம்ப நிரம்பக் கோப்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சோதனைக்கு வெற்று ஃபிளாப்பியைப் பயன்படுத்துகிறவர்கள் கண்ணில் இது படவே படாது.

கர்னல் தன் பெயரைச் சொன்னது, இனிட்டிஸ்கில் நின்றது

கர்னல் துவக்கம் பயாஸிடம் எத்தனை வன்வட்டு என்று கேட்டு, ஒவ்வொன்றின் பார்ட்டிஷன் பட்டியலையும் வாசிக்கும் கட்டம் இது, இனிட்டிஸ்க்.சி கோப்பு. இங்கே நின்றால் கடைசியாகக் கூப்பிட்ட, பயாஸின் வட்டு அழைப்பான இன்ட் 13எச்தான் முதல் சந்தேகம். அழைப்புக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இ9எச் போர்ட்டில் எழுத்து விடுங்கள். பயாஸுக்குள் போய்த் திரும்பவில்லையா, திரும்பி வந்த பின் கர்னல் தடுமாறுகிறதா என்று பிரிந்துவிடும். திரும்பாததற்குப் பொதுவான காரணம் யூஎஸ்பி பென்டிரைவை வன்வட்டாகக் காட்டும் பயாஸ்கள். திரும்பிய பின் தடுமாறினால், அழைப்பு எந்தெந்த ரெஜிஸ்டரை மாற்றிவிட்டது என்று பாருங்கள். இன்ட் 13எச்சின் 08எச் அழைப்பு இஎஸ், டிஐ இரண்டையும் மாற்றுவது எழுதப்பட்ட விதி, சில பயாஸ்கள் எழுதாததையும் மாற்றும்.

சந்தேகத்துக்குரிய பார்ட்டிஷன் என்ற எச்சரிக்கை வந்து, அதன் பிறகு ஓடுகிறதா? பார்ட்டிஷன் பட்டியலில் உள்ள சிலிண்டர் கணக்கும் பயாஸ் சொல்லும் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். வேறு கணினியில் பிரித்த வட்டு என்றால் சகஜம். படிக்க மட்டும் என்றால் விட்டுவிடலாம். எழுதப்போகிறீர்கள் என்றால் நிறுத்திச் சரிசெய்யுங்கள். சிஸ் கான்ஃபிக் கட்டளையால் கர்னல் கோப்பிலேயே ஃபோர்ஸ்எல்பிஏவை 1 ஆக்கி ஒருமுறை ஓட்டிப் பார்த்தால், பிழை சிலிண்டர் கணக்கில்தானா என்பது தெரியும். 1024 சிலிண்டர், 255 ஹெட், 63 செக்டார் என்ற எல்லைக்கு மேல், ஏறக்குறைய 8.4 ஜிபிக்கு அப்பால், எல்பிஏ இல்லாமல் எட்டவே முடியாது.

கமாண்ட் இண்டர்ப்ரெட்டர் இல்லை அல்லது கெட்டது என்கிறது

கர்னல் முதலில் எஃப்டிகான்ஃபிக்.சிஸ் கோப்பைத் தேடும், கிடைக்காவிட்டால்தான் கான்ஃபிக்.சிஸ். இரண்டும் வட்டில் இருந்து, நீங்கள் இரண்டாவதைத் திருத்திக்கொண்டிருந்தால் எத்தனை முறை திருத்தியும் மாற்றம் வராது. எஃப்8 அழுத்தி ஒவ்வொரு வரியாக ஓடவிட்டால் எந்தக் கோப்பு வாசிக்கப்படுகிறது என்று தெரிந்துவிடும்.

இந்தச் செய்தி ஆளை ஏமாற்றவும் செய்யும். ஷெல்லை ஏற்ற முடியாதபோதும் வரும், ஏற்றிய ஷெல் வேலையை முடித்துக்கொண்டு வெளியேறிவிட்டாலும் அதே செய்திதான் வரும். மூலநிரலில் இரண்டுக்கும் ஒரே வழி. ஆகவே வட்டில் கமாண்ட்.காம் இருந்தும் இது வந்தால், ஃப்ரீடாஸின் ஷெல்லான ஃப்ரீகாம் ஓடத் தொடங்கி உடனே விலகிவிட்டதா என்று பாருங்கள். அதற்கு ஒரு குறுக்குவழி: 8 பைட்டில் ஒரு .காம் கோப்பு. பி4எச், 02எச், பி2எச், 41எச், சிடிஎச், 21எச், சிடிஎச், 20எச். ஏ என்ற ஆங்கில எழுத்தை அச்சிட்டுவிட்டு முடிந்துவிடும். முழு ஷெல் வரியைத் தரும்படி கர்னல் கேட்கும் இடத்தில் இதன் பெயரைக் கொடுங்கள். எழுத்து தெரிந்தால் கோப்பைப் படிப்பதும் நிரலை ஏற்றுவதும் டாஸின் சேவைகளைத் தரும் இன்ட் 21எச்சும் சரி, பிரச்சினை ஃப்ரீகாமுக்கும் கர்னலுக்கும் இடையில். தெரியாவிட்டால் ஷெல்லை மறந்துவிட்டு டாஸ்க்.சியில் நிரலேற்றும் பகுதிக்குப் போங்கள்.

துவங்கும்போது சரி, முதல் நிரலுக்குப் பிறகு குப்பை

துவக்க நிரல்வரிகள் தனி செக்மெண்டில் இருக்கின்றன. கர்னல் அவற்றை 640 கேபியின் உச்சிக்கு நகர்த்தி ஓட்டிவிட்டு, வேலை முடிந்ததும் அந்த இடத்தைக் கைவிட்டுவிடும். அங்கிருந்த ஒரு சரத்துக்கோ அட்டவணைக்கோ நிரந்தரப் பகுதி ஒரு பாயிண்டரை வைத்திருந்தால், யாராவது வந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்வரை எல்லாம் சரியாகவே தெரியும். சின்ன நிரல்கள் ஓடும், பெரிய நிரல் ஒன்று ஓடிய பிறகு கெடும். இதன் மறுபக்கம்: துவக்கப் பகுதிக்கென்று பிரிண்ட்எஃப், சரம் நகலெடுப்பு எல்லாம் தனிப் பிரதிகளாக இருக்கின்றன. துவக்கத்துக்கான ஹெடர் கோப்பைச் சேர்க்க விட்டுப்போன புதுக் கோப்பில் அதே பெயரைக் கூப்பிட்டால், ஆஃப்செட்டை மட்டும் வைத்திருக்கும் நியர் அழைப்பு வேறு செக்மெண்டுக்குள் போய் விழும். புதுக் கோப்பு சேர்த்த அன்றைக்குச் செத்தால் முதலில் இதைப் பாருங்கள்.

தவறான கட்டளை என்று எண்களைக் கொட்டிவிட்டு நிற்கிறது

ஆங்கிலத்தில் இன்வேலிட் ஆப்கோட் என்று தொடங்கி, நான்கிலக்க 16 அடிமான எண்கள் வரிசையாக வரும். படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதில்தான் வழி இருக்கிறது. செயலி இன்ட் 6ஐ எழுப்பும்போது ஸ்டாக்கில் தள்ளிய ஐபி, சிஎஸ், கொடிகள் மூன்றும் முன்னால் இருக்கும். அச்சிடும் வரிசையை உங்கள் பதிப்பின் என்ட்ரி.ஏஎஸ்எம்மில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அதற்குப் பின்னால் வருவது விழுந்த நேரத்தில் ஸ்டாக்கில் இருந்தவை. அதில் கர்னல் செக்மெண்ட் எண் தென்படும் இடமெல்லாம் திரும்பிப்போகும் முகவரியாக இருக்க வாய்ப்புண்டு. மேப் கோப்பை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொருத்தினால் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்ற சங்கிலி பாதியாவது கிடைக்கும்.

முகவரி எங்கே காட்டுகிறது என்பதே பாதி விடை. முதல் 1 கேபிக்குள் என்றால் இன்டரப்டுகளின் முகவரிகளை வைத்திருக்கும் வெக்டர் அட்டவணையையே கட்டளையாக ஓட்டியிருக்கிறது. வெற்று ஃபார் பாயிண்டர் (செக்மெண்டும் ஆஃப்செட்டும் கொண்டது) ஒன்றைக் கூப்பிட்டிருப்பீர்கள், அல்லது ஏ20 கதை, அது கீழே வருகிறது. சுழியங்கள் நிரம்பிய வெற்றிடம் ஒன்றின் முடிவில் என்றால், குதித்த இடம் அதற்கு வெகு முன்னால். இரண்டு சுழிய பைட்டுகள் சேர்ந்தால் செயலிக்கு அது ஒரு செல்லுபடியான கூட்டல் கட்டளை. அழித்து வைத்த நினைவகத்தில் விழுந்த செயலி அங்கேயே நிற்காது, ஒவ்வோர் இரண்டு பைட்டுக்கும் ஒரு கூட்டலைச் செய்து, பிஎக்ஸும் எஸ்ஐயும் காட்டும் பைட்டைக் கெடுத்துக்கொண்டே நழுவிப் போய், முதல் உருப்படியான பைட்டில்தான் இடறும்.

எண்களே வராமல், பழைய எக்ஸ்டி கணினியில் மட்டும் சத்தமில்லாமல் உறைந்துபோகிறதா? 8086, 8088 செயலிகளுக்குத் தவறான கட்டளை என்ற கருத்தே கிடையாது. இன்ட் 6 எழுப்பும் வழக்கம் 186இலிருந்துதான். தெரியாத கட்டளை வந்தால் அவை வேறொன்றாக எடுத்துக்கொண்டு ஓட்டும். 186இல் எல்லா ரெஜிஸ்டரையும் ஸ்டாக்கில் தள்ளும் 60எச், 8086இல் 70எச்சின் இரட்டை: ஓவர்ஃப்ளோ இருந்தால் தாவு. அடுத்த கட்டளையின் முதல் பைட்டைத் தாவும் தூரமாக விழுங்கிவிடும். ஒரு ரெஜிஸ்டரை 4 பிட் நகர்த்தும் சி1எச், அங்கே சி3எச் போல, அதாவது ஃபங்ஷனைவிட்டுத் திரும்பு. 386 கட்டளைகள் பலவற்றின் முன்னால் வரும் 0எஃப்எச்தான் எல்லாவற்றிலும் கொடுமை: ஸ்டாக்கிலிருந்து எடுத்து சிஎஸ்ஸில் போடு. அந்தக் கணமே நிரல் ஓடும் செக்மெண்ட் மாறிவிடும், எங்கே போயிற்று என்று தேடக்கூட முடியாது.

ஆகவே 8086 கர்னல் கட்டும்போது நாஸ்மிடம் செயலி 8086 என்று அறிவித்துவிடுங்கள், புதுக் கட்டளை எழுதினால் அதுவே பிழை சொல்லும். வாட்காமுக்கு சுழியம் என்ற செயலித் தெரிவு. சி நிரலுக்குள் கையால் எழுதிய அசெம்பிளி வரிகளைத் தனியாகப் பாருங்கள். க்யூஎமுவில் சோதித்து இதைப் பிடிக்க முடியாது, அதன் குறைந்தபட்சச் செயலியே புதியது. 86பாக்ஸ், பிசிஇஎம் இரண்டிலும் 8088 உண்டு. ஒரு விசித்திரம்: எக்ஸ்டி கணினியில் இன்டெல் சில்லுக்குப் பதில் நெக் வி20 போட்டிருந்தால் 186 கட்டளைகள் ஓடிவிடும். ஒரே மாடல் இரண்டு கணினியில் ஒன்று ஓடி ஒன்று ஓடாவிட்டால் மூடியைக் கழற்றிச் செயலியைப் பாருங்கள்.

எம்சிபி சங்கிலி கெட்டது, பேனிக்

டாஸின் நினைவகம் முழுக்க ஒரு சங்கிலி. ஒவ்வொரு துண்டின் தலையிலும் எம்சிபி என்ற 16 பைட். முதல் பைட் 4டிஎச், அதாவது எம்; கடைசித் துண்டுக்கு 5ஏஎச், அதாவது இசட். அடுத்து உரிமையாளரின் பிஎஸ்பி (நிரலின் தலைப்பகுதி) செக்மெண்ட் 2 பைட், அடுத்து 16 பைட் அலகில் அளவு 2 பைட். இருக்கும் செக்மெண்டோடு அளவையும் ஒன்றையும் கூட்டினால் அடுத்த துண்டு. அங்கே எம்மும் இல்லை இசட்டும் இல்லை என்றால் கர்னல் கைவிரித்துவிடும்.

இந்தச் செய்தி குற்றவாளியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சங்கிலியைக் கெடுத்தவர் எப்போதோ போயிருப்பார். அடுத்து யாராவது நினைவகம் கேட்கும்போதோ நிரல் முடியும்போதோதான் கர்னல் சங்கிலியை நடந்து பார்க்கிறது. ஆகவே நடந்து பார்ப்பதை அடிக்கடி ஆக்குங்கள். மெம்எம்ஜிஆர்.சியில் டாஸ்மெம்செக் என்ற ஃபங்ஷன் தயாராக இருக்கிறது. இன்ட் 21எச் நுழைவிலும் வெளியேற்றத்திலும் அதைக் கூப்பிட்டு, சங்கிலி அறுந்திருந்தால் ஏஎச் எண்ணையும் கூப்பிட்டவரின் முகவரியையும் இ9எச் போர்ட்டில் கொட்டி நிறுத்துங்கள். மெதுவாகும், பரவாயில்லை. நுழைவில் சரி, வெளியேற்றத்தில் அறுந்தது என்றால் கர்னல்தான், எந்த அழைப்பு என்பதும் கையில் கிடைத்துவிட்டது. போன வெளியேற்றத்தில் சரி, இந்த நுழைவில் அறுந்தது என்றால் இடையில் ஓடிய நிரலோ ஒரு வன்பொருள் இன்டரப்டோ. அறுந்த எம்சிபியின் முகவரி தெரிந்த பிறகு அதே வரிசையில் மறுபடி ஓட்டி, அந்த பைட்டின்மேல் ஜிடிபியில் ஒரு வாட்ச்பாயிண்ட் வைத்தால் எழுதுகிறவர் கையும் களவுமாகப் பிடிபடுவார்.

கெட்ட பைட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். எழுத்துகள் தெரிந்தால் ஏதோ ஒரு சரம் தன் எல்லையைத் தாண்டியிருக்கிறது. எந்தச் சரம் என்று படித்தே சொல்லிவிடலாம். வட்டின் டைரக்டரிப் பதிவுபோல் 32 பைட்டுக்கு ஒரு ஒழுங்கு தெரிந்தால் செக்டார் படிப்பு ஒன்று தவறான பஃபருக்குப் போயிருக்கிறது.

அச்சு வரி சேர்த்தால் பிழை மறைகிறது, எடுத்தால் வருகிறது

அல்லது நேர்மாறாக. இரண்டுமே ஸ்டாக். எம்எஸ்-டாஸைப் போலவே ஃப்ரீடாஸும் இன்ட் 21எச்சுக்குள் வந்ததும் நிரலின் ஸ்டாக்கை விட்டுத் தன் மூன்று ஸ்டாக்குகளில் ஒன்றுக்கு மாறும்: எழுத்து உள்ளீட்டு வெளியீட்டுக்கு ஒன்று, வட்டு வேலைக்கு ஒன்று, பிழை நேரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் 384 பைட். சாதாரண சி நிரலாளர் ஒரு ஃபங்ஷனுக்குள் 256 பைட் அணியை யோசிக்காமல் அறிவிப்பார். இங்கே அதோடு பாதி ஸ்டாக்குக்கு மேல் போயிற்று. மீதியில் பிரிண்ட்எஃப், அதற்குள் இன்ட் 29எச், அதன் நடுவில் டைமர் இன்டரப்ட்.

துவக்கத்திலேயே மூன்று ஸ்டாக்கையும் சிசிஎச் என்ற பைட்டால் நிரப்பிவிடுங்கள். சந்தேகமான வேலையைச் செய்யவிட்டு நிறுத்திப் பார்த்தால், எதுவரை சிசி அழிந்திருக்கிறது என்பது அதிகபட்ச ஆழத்தைச் சொல்லும். ஒரு சிசிகூட மிஞ்சவில்லை என்றால் தாண்டியது உறுதி, அடியில் என்ன இருந்தது என்று மேப்பில் பாருங்கள். பெரிய அணிகளை நிலையான மாறிகளாக்கலாம், ஆனால் அந்த ஃபங்ஷன் தனக்குள் தானே மறுபடி நுழையாது என்று உறுதிசெய்த பிறகே.

ஒட்டி வரும் இன்னொன்று: வன்பொருள் இன்டரப்டிலிருந்து அழைக்கப்படும் சி ஃபங்ஷனில் ஸ்டாக் செக்மெண்டான எஸ்எஸ்ஸும் தரவு செக்மெண்டான டிஎஸ்ஸும் ஒன்றாக இருக்காது. உள்ளூர் மாறியின் முகவரியை நியர் பாயிண்டராக வேறொரு ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் அது டிஎஸ்ஸில் போய்த் தேடும். ஸ்டாக்கில் இருக்கும் மதிப்பு தொடப்படாமல் இருக்கும். கர்னல் தரவில் அதே ஆஃப்செட்டில் இருந்த எதுவோ கெட்டிருக்கும்.

டாஸ்=ஹை போட்டால் மட்டும் விழுகிறது

கான்ஃபிக்கில் உள்ள அந்த வரி கர்னலை ஹெச்எம்ஏவுக்கு ஏற்றும். ஹெச்எம்ஏ என்பது 1 எம்பிக்கு மேல் எஃப்எஃப்எஃப்எஃப்:0010இலிருந்து கிடைக்கும் 65,520 பைட். 1 எம்பிக்கு மேல் எட்டவிடும் ஏ20 முகவரிக் கம்பி மூடியிருந்தால் அந்த முகவரி சுற்றிக்கொண்டு சுழியத்துக்கு வந்துவிடும். கர்னலின் பெரும்பகுதி மேலே இருக்கும்போது ஏ20 மூடியபடி அங்கே குதித்தால், ஓடுவது இன்டரப்ட் வெக்டர் அட்டவணை. ஃப்ரீடாஸ் இதற்காகக் கீழ் நினைவகத்தில் ஒரு தாவல் அட்டவணை வைத்திருக்கிறது. மேலே போகும் ஒவ்வோர் அழைப்பும் அதன் வழியாகப் போய், ஏ20 மூடியிருந்தால் திறந்துகொண்டு செல்லும். நீங்கள் புதிதாகச் சேர்த்த இன்டரப்ட் நுழைவு இந்த அட்டவணையைத் தாண்டி நேராக மேலே குதித்தால் எல்லா நிரலிலும் சரியாக ஓடும், ஏ20ஐ மூடிவிட்டுப் போகும் ஒரே ஒரு பழைய நிரலில் மட்டும் விழும். மேல் நினைவகத்தை மேலாளும் ஹைமெம்எக்ஸை எடுத்துவிட்டு ஓட்டினால் பிழை போகிறதா என்பது முதல் சோதனை. ஜெம்ம்386 போன்ற மேலாளரோடு சேர்த்து ஆராய வேண்டாம், ஒரு நேரத்தில் ஒன்று.

சுருக்கிய கோப்பு கெட்டுவிட்டது என்று ஒரு பழைய நிரல் சொன்னால் கர்னலைத் திட்டாதீர்கள். எக்ஸிபேக்கால் சுருக்கிய நிரல்கள் முதல் 64 கேபிக்குள் ஏறினால் தடுமாறும். டாஸ் மேலே போனதால் கீழே இடம் காலியானதுதான் காரணம். நிரலை அந்த 64 கேபிக்கு மேலே ஏற்றும் லோட்ஃபிக்ஸ் போதும்.

எல்லாம் ஓடுகிறது, ஒரே ஒரு பழைய நிரல் மட்டும் சாகிறது

வலைப்பின்னல் இயக்கிகள், சிடிராம் நீட்டிப்புகள், வட்டுக் கருவிகள் போன்றவை இன்ட் 21எச்சோடு நிற்பதில்லை. 52எச் அழைப்பு தரும் முகவரியிலிருந்து கர்னலின் உள் அட்டவணைகளுக்கே கை நீட்டும். டாஸ் 4 முதல் டிரைவ் ஒன்றுக்கு 88 பைட், திறந்த கோப்பு ஒன்றுக்கு 59 பைட் என்ற கணக்கை அவை கல்வெட்டாக வைத்திருக்கின்றன. அழகாக இருக்கட்டும் என்று அந்தக் கட்டமைப்பின் நடுவில் ஒரு புலத்தைச் சேர்த்தால் உங்கள் சோதனைகள் அத்தனையும் தேறும், அந்த நிரல் சாகும். கம்பைலர் மாற்றியபோது கட்டமைப்புக்குள் இடைவெளி பைட் நுழைந்தாலும் இதே அறிகுறிதான். அளவைக் கம்பைல் நேரத்திலேயே சோதித்து, மாறினால் கட்டுமானம் நின்றுவிடும்படி செய்துவையுங்கள்.

பதிப்பு எண்ணையும் பாருங்கள். ஃபேட்32 கர்னல் தன்னை 7.10 என்று சொல்லிக்கொள்ளும், சில நிரல்களுக்கு 6.22 தான் வேண்டும். கான்ஃபிக்கில் வெர்ஷன் வரியால் மாற்றிச் சோதிக்கலாம்.

கோப்புகளைத் திறக்க முடியவில்லை, பிழை எண் 4 என்றால் கான்ஃபிக்கில் ஃபைல்ஸ் எண்ணைக் கூட்டுவது பாதி மருந்துதான். ஒரு நிரலின் பிஎஸ்பியில் இயல்பாக இருப்பது 20 இடம். அதற்கு மேல் வேண்டும் என்றால் அந்த நிரலே 67எச் அழைப்பைச் செய்திருக்க வேண்டும். அந்த அழைப்பைச் செய்த பிறகும் 20இல் நிற்கிறது என்றால் அப்போது கர்னலைப் பாருங்கள்.

நள்ளிரவு தாண்டியும் தேதி மாறவில்லை

பயாஸ் நொடிக்கு 18.2 துடிப்பு என்று எண்ணி, 1800பி0எச் ஆனதும் சுழியத்துக்குத் திரும்பி 0040:0070இல் ஒரு கொடியை ஏற்றும். இன்ட் 1ஏஎச்சின் சுழிய அழைப்பு அந்தக் கொடியை ஒரே ஒருமுறைதான் தரும். கேட்டவருக்குக் கொடுத்ததும் இறக்கிவிடும். நேரம் காட்டும் டிஎஸ்ஆர் (நினைவகத்திலேயே தங்கிவிடும் நிரல்) ஒன்று கர்னலுக்கு முன்னால் கேட்டுவிட்டால் அந்த நாள் கர்னலுக்குக் கிடைக்காமலே போகும். டிஎஸ்ஆர் இல்லாமலும் நடந்தால், கர்னலுக்குள்ளேயே இரண்டு இடத்திலிருந்து கேட்கப்பட்டு ஓர் இடம் கொடியை எறிந்துவிடுகிறது. விடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. க்யூஎமுவில் ஆர்டிசி (கணினிக் கடிகாரம்) தெரிவுக்குத் தொடக்க நேரமாக 2024 பிப்ரவரி 28, இரவு 11:58 கொடுத்து பூட் செய்து, இரண்டு நிமிடம் கழித்து டேட் கட்டளையைத் தாருங்கள். 29 வர வேண்டும்.